பாட்டியை எங்கே அமர வைப்பது?



தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு நல்ல பழக்கம் வேரூன்றி வருகிறது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைத் தத்தம் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, அவர்களுடைய வாழ்க்கையை நேர்காணலாகக் கேட்டுக் காணொளியாகப் பதிவு செய்துவரச் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் சிலர் தாங்களே வீட்டில் அமர்ந்து, ஊரின் மூத்தோரை அழைத்து உரையாடி, வலையொளியாகத் தொடர்ந்து வெளியிட்டும் வருகிறார்கள். இவற்றைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால், இம்முயற்சியில் இறங்கும் பெற்றோரும் ஆசிரியரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எந்தக் கைத்தொலைபேசி சிறந்தது, எவ்வளவு விலையில் ஒலிவாங்கி வாங்கலாம், வட்ட விளக்கு தேவையா என்றெல்லாம் கேட்கிறார்கள். ‘பாட்டியை வீட்டில் எங்கே அமர வைப்பது?’ என்று கேட்பவர் அரிது. என் கருத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நேர்காணல் உயிரோடு அமைவதும் உயிரற்றுப் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்ததே.

இது ஏன் இத்துணைப் பெரிய செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு கணக்கைப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டில் 15 வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் பிடித்த ஒருவர் இன்று 80 வயதைக் கடந்துவிட்டார். இந்திய அரசு 1938-இல் தோட்டத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு அனுப்பப்படுவதைத் தடை செய்தது. அதற்கு முன்னர்க் கப்பலேறி வந்தவர்களின் நேரடி நினைவு அநேகமாக முடிந்துவிட்டது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சயாம் மரண இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் திரும்பி வந்தோரில் மிகச் சிலரின் குரலே நமக்குப் பதிவாகக் கிடைத்திருக்கிறது. அடுத்து விடைபெறும் தலைமுறை, பெரட்டுக்களத்தில் விடியற்காலை இருளில் பெயர் கொடுத்து நின்ற தலைமுறை. மங்கு, ஒட்டுப்பால், காண்டா, கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்கள் அகராதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் நாவில் இருக்கின்றன. அந்த நா ஓய்ந்தால் அச்சொற்களை உரிய ஒலியோடு சொல்ல ஆளில்லை.

சிங்கப்பூர் 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. எனினும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் அரசு வந்து பதிவு செய்யும் என்று காத்திருக்க இயலாது. இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கும் நிலத்தில் பெராங் புசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்தன. அங்கே பால் வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு லயத்து வீடும் இல்லை, மரமும் இல்லை. மிஞ்சியிருப்பது பாட்டியின் பேச்சு மட்டுமே.

சரி, இடத்துக்கு வருவோம்.

பதிவு என்றதும் சிலர் பள்ளி மண்டபத்தை நாடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒளிப்பதிவுக் கூடத்துக்கே அழைத்துச் செல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆயினும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழக்கமில்லாத நாற்காலியில், குளிரூட்டிய அறையில், முகத்துக்கு நேரே விளக்கெரிய அமர்த்தப்படும் மூதாட்டி, ‘மேடைத் தமிழ்’ பேசத் தொடங்கிவிடுகிறார். வீட்டில் ‘கித்தாக்காடு’ என்பவர் அங்கே ‘இரப்பர் தோட்டம்’ என்கிறார். ‘பெரட்டுக்குப் போவோம்’ என்று சொல்பவர் ‘வேலைக்குச் செல்வோம்’ என்கிறார். தவறில்லாத தமிழ்தான். ஆனால் நாம் தேடிப் போனது அந்தத் தமிழை அன்று. தமிழாசிரியர்களாகிய நாமே இதனைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்? அது மட்டுமன்று. தம் வீட்டில் அமர்ந்து மங்கைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய விரல்கள் தாமாகவே குழிந்து மங்கைப் பிடித்துக்காட்டும். அன்னிய இடத்தில் அந்தக் கைகள் மடியைவிட்டு எழுவதே இல்லை. காணொளி எடுப்பதன் பயனே அந்தக் கைகளைக் காண்பதில் அல்லவா இருக்கிறது?

ஆகவே, வீடே சிறந்த இடம். அவருடைய வீடு, அல்லது அவர் நாள்தோறும் புழங்கும் மகன் மகள் வீடு. வீட்டுக்குள் எந்த இடம் என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

வரிசை வீடானாலும் அடுக்குமாடியானாலும் எல்லாருடைய கண்ணும் முதலில் கூடத்தின் மேல்தான் விழும். விருந்தினரை அமர்த்தும் இடம் அது. நல்ல சோபா அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் பரிசுக் கோப்பைகள் மின்னுகின்றன. சுவரில் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. கண்ணுக்கு இவையெல்லாம் அழகு, காதுக்கோ இதைவிடக் கெட்ட இடம் வீட்டில் இல்லை (குளியலறை நீங்கலாக!). வழுவழுப்பான தரை, வெறுஞ்சுவர், கண்ணாடிச் சாளரம், உயரமான கூரை ஆகிய அனைத்தும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. பாட்டியின் வாயிலிருந்து நேராக ஒலிவாங்கிக்கு வரும் ஒலியோடு, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிகளும் சிறிது பிந்தி வந்து கலக்கின்றன. நேரில் இருக்கும்போது நம் மூளை அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. பதிவில் ஒதுக்க ஆளில்லை. பல் விழுந்த வாயினரின் மெல்லிய பேச்சில் லகரமும் ளகரமும் ழகரமும் அந்த எதிரொலிச் சேற்றில் புதைந்து போகின்றன.

சோதித்துப் பார்க்க ஒரு காசும் செலவில்லை. வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய ஒலி ‘டப்’ என்று அங்கேயே அற்றுப் போனால் நல்ல அறை. ‘டப்ப்…’ என்று ஒரு சிலிர்ப்போ உலோக அதிர்வோ தொடர்ந்தால் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இச்சோதனையில் வெல்வது படுக்கையறைதான். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணிகள் பிதுங்கும் அலமாரி என அந்த அறையில் உள்ள யாவும் ஒலியை உறிஞ்சுபவை. அலமாரியின் கதவைத் திறந்து வைத்தால் இன்னும் நலம். தொங்கும் சேலைகளுக்கு நிகராகப் பணம் கொடுத்து வாங்கும் பஞ்சு அட்டைகள் கூட எப்போதும் வேலை செய்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். படுக்கையறைக்குள் வெளியாரை அழைப்பது நம் பண்பாடு இல்லையே? மிகச் சரி. இதனை நான் பழைமைவாதம் என்று ஒதுக்கமாட்டேன். கேட்பவர் பேரனோ பேத்தியோ ஆனால் சிக்கலே இல்லை. பாட்டியின் அறையில் அவர்கள் பிறந்தது முதல் உருண்டு புரண்டவர்கள்தாமே. கேட்பவர் ஆசிரியராக, அதிலும் ஆண் ஆசிரியராக இருந்தால், அந்த அம்மையாருக்குச் சங்கடம் உண்டாகும். சங்கடத்தோடு அமர்ந்தவர் சுருக்கமாகவே பேசுவார். அப்படியானால் கூடத்தின் ஒரு மூலையையே படுக்கையறைபோல் ஆக்கிக்கொள்ளலாம். தரையில் பாயும் கம்பளமும் விரியுங்கள். படம்பிடிக்கும் கோணத்துக்கு வெளியே, அவருக்கு எதிர்ப்புறத்தில், துணி காயப்போடும் கொடியை நிறுத்தி இரண்டு கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். சாளரத் திரையை இழுத்துவிடுங்கள். பார்ப்பவர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பதிவில் போர்வை தெரியாது, குரல் தெரியும்.

ஒலிவாங்கியைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு இருமடங்கானால், நேராக வந்து சேரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அறையின் எதிரொலியோ அவ்வாறு குறைவதில்லை. ஆறடிக்கு அப்பால் முக்காலியில் நிற்கும் கைத்தொலைபேசி எதைப் பதிவு செய்யும் என்று இதிலிருந்தே புரியும். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரண்டாவது கைத்தொலைபேசி ஒன்றில் ஒலிப்பதிவை முடுக்கி, அவர் மார்புக்கருகே மேசைமேல் ஒரு துணியை மடித்துப்போட்டு வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் இரண்டு கருவிகளுக்கும் கேட்கும்படி ஒருமுறை கைதட்டினால், பின்னர் ஒலியையும் காட்சியையும் பொருத்துவது எளிது. இரண்டிலும் அழைப்புகள் வராதபடி விமானப் பயன்முறையை இட மறவாதீர்கள்.

அடுத்து, இரைச்சல். நம் வீடுகளின் இரைச்சலை நாம் கேட்பதே இல்லை, பழகிவிட்டோம். கூரை மின்விசிறியின் ‘கிர்ர்’, குளிர்பதனப் பெட்டியின் முனகல், மீன்தொட்டியின் குமிழிச் சத்தம், இவை எல்லாம் பதிவில் முன்வரிசையில் வந்து நிற்கும். விசிறியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டு மீண்டும் போடலாம். நம் வெப்பத்தில் முதியவரை அதற்கு மேல் வியர்க்க விடுவது முறையன்று. அறையில் குளிர்சாதனம் இருப்பின் அரை மணி நேரம் முன்னதாகப் போட்டு அறையைக் குளிரவைத்துப் பின்னர் நிறுத்தலாம். குளிர்பதனப் பெட்டியை அணைத்தால் மறுபடி போட மறந்துவிடுவோம் என்ற அச்சம் வேண்டாம். வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது தானாக நினைவு வரும்.

வெளியிலிருந்து வரும் ஓசைகளுக்குத் தனி அட்டவணையே போடலாம். ரொட்டிக்காரரின் ஊதல், பனிக்கூழ் வண்டியின் மணி, ‘சுராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் பழைய நாளிதழ் கேட்டு ஊர்ந்து வரும் லாரி, பக்கத்து வீட்டில் சுவர் துளைக்கும் இயந்திரம், எதிர்வீட்டு நாய். தாமானுக்குத் தாமான் இவற்றின் நேரம் மாறும். எனவே பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில், அதே நேரத்தில், அதே அறையில் கால் மணி நேரம் வாய்பேசாமல் அமர்ந்து காதில் விழுவதை எல்லாம் எழுதிப் பாருங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல கேட்டல் பயிற்சி எந்தப் பாடநூலிலும் இல்லை என்பேன். அருகில் பள்ளிவாசல் இருப்பின் தொழுகை அழைப்பின் நேரம் முன்கூட்டியே தெரிந்ததுதான். அப்போது பதிவை நிறுத்தி ஒரு வாய் தேநீர் அருந்துவது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும். மழையை மட்டும் பேசித் தீர்க்க முடியாது. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டிப் பிற்பகல் இடிமழை மிகுதி. தகரக் கூரை வீடு என்றால் பேச்சே எடுபடாது. முற்பகலே நல்ல வேளை. முதியவர்களுக்கும் அப்போதுதான் நினைவும் குரலும் தெளிவாக இருக்கின்றன. உணவுக்கும் மருந்துக்கும் பின்னர் அவர்களை விழித்திருக்கச் சொல்வது கொடுமை.

வெளிச்சத்தைப் பற்றிப் பலர் நீட்டி முழக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் அது எளிது. சாளரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. முகத்துக்குப் பக்கவாட்டிலோ முன்பக்கச் சாய்விலோ இருக்கவேண்டும். பின்னால் சாளரம் இருந்தால் முகம் கரிக்கோடாகிவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உச்சிவேளையில் கதிரவன் ஏறத்தாழத் தலைக்கு மேல் நிற்கிறான்; சாளரத்தின் வழியே நேர்வெயில் பாய்வது காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும்தான். அவ்விரு பக்கங்களை அந்தந்த நேரத்தில் தவிர்த்தால் போதும். விளக்கொளியில் எடுத்தால் காட்சியில் கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. கருவியில் நொடிக்கு 30 படங்கள் என்றிருப்பதை 25 என்று மாற்றினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். கண்ணாடிச் சட்டமிட்ட சாமி படங்களுக்கு முன்னால் அமர்த்தினால், படம் எடுப்பவரின் உருவமும் விளக்கும் அக்கண்ணாடியில் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி, நான் இதனை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

பெற்றோர் சிலர் நேர்காணலுக்கு இசைய மறுப்பதன் காரணம் நேரமின்மை அன்று, வீடு. ‘எங்கள் வீடு காட்டுகிற மாதிரி இல்லை, ஐயா’ என்று தயங்குகிறார்கள். மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடியில் ஏறத்தாழ 700 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை வாழும் குடும்பம், சாயம் போன சுவரையும் சுவரோரம் அடுக்கிய பெட்டிகளையும் வகுப்பே பார்க்கப் போகிறது என்று எண்ணும்போது அதன் மனம் படும் பாட்டை நாம் உணரவேண்டும். கைத்தொலைபேசியில் போலிப் பின்னணியை இட்டு, பாட்டிக்குப் பின்னால் கடற்கரையையும் நூலகத்தையும் வரவழைக்கிறார்கள். பாட்டியின் நரைமுடியின் ஓரம் கரைந்து கரைந்து மறைகிறது. கையை அசைத்தால் விரல்கள் காணாமல் போகின்றன. மங்கைப் பிடித்துக்காட்டும் அந்த விரல்கள்!

பெற்றோரைக் குறைசொல்ல மாட்டேன். குறை நம்மிடம், ஆசிரியர்களிடம் இருக்கிறது. நான் பார்க்க நேர்ந்த மதிப்பீட்டுப் படிவம் ஒன்றில் ‘பின்னணி அமைப்பு’ என்று ஒரு நிரல் இருந்தது. அதற்கு மதிப்பெண்ணும் இருந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. அந்த நிரலில் முழு மதிப்பெண் பெறுபவர் யார்? இரட்டை மாடி வீடும் தனியறையும் உள்ள பிள்ளை. பன்னிரண்டு வயது மாணவனுக்குத் தன் வீட்டுச் சுவரின் சாயத்தின்மேல் என்ன அதிகாரம் இருக்கிறது? ‘படைப்பில் நேர்த்தியைக் கற்பிக்க வேண்டாமா?’ என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வாதிட்டார். கற்பிக்கலாம். கேள்வியை ஒழுங்குபடுத்துவதில் நேர்த்தி இருக்கிறது. பாட்டி பேசும்போது குறுக்கிடாமல் இருப்பதில் நேர்த்தி இருக்கிறது. ‘தண்டல் என்றால் யார் பாட்டி?’ என்று உரிய இடத்தில் கேட்பதில் நேர்த்தி இருக்கிறது. இவற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள். பெற்றோரின் பணப்பைக்குக் கொடுக்க வேண்டாம். அந்த நிரலை அடித்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நேர்மையாக மற்றொன்றையும் சொல்லவேண்டும். அழகு பெரிதன்று, அமைதியே பெரிது என்று மேலே இவ்வளவு எழுதினேன். அமைதியும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஏழு பேர் புழங்கும் வீட்டில், மேல்மாடியில் நாற்காலி இழுபடும் ஓசையும் நடைவழியில் பிள்ளைகள் பந்தடிக்கும் ஓசையும் ஓயாத அடுக்குமாடியில், எந்த மூலையில் கைதட்டிப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். அத்தகைய குடும்பங்களுக்குப் பள்ளி கைகொடுக்க வேண்டும். மண்டபத்தை அன்று, நூலக மூலையை. புத்தக அடுக்குகள் நிறைந்த சிறிய அறை ஒலிக்கு மிக நல்ல இடம். சனிக்கிழமை முற்பகல் இரண்டு மணி நேரம் அதைத் திறந்துவிடத் தலைமையாசிரியரிடம் கேட்டால் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். அப்போதும் பாட்டியின் வீட்டு நாற்காலியையும், முடிந்தால் அவருடைய வெற்றிலைப் பெட்டியையும் உடன் கொண்டுவரச் சொல்லுங்கள். பழகிய பொருள் ஒன்று கையில் இருந்தால் பழகிய தமிழும் கூடவே வரும். நிறுத்தி வைத்த மகிழுந்துக்குள் அமர்ந்து பதிவு செய்வதையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒலிக்கு அது உண்மையிலேயே நல்ல இடம்தான். ஆனால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இயந்திரத்தையும் அணைத்தால் நம் வெயிலில் உள்ளே சில நிமிடங்களிலேயே அனலாகிவிடும். 80 வயதானவரை அதில் அமர்த்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அறையில் யார் யார் இருப்பது என்பதும் இடத்தேர்வில் அடங்கியதே. மகனும் மருமகளும் சூழ்ந்து நின்று, ‘அதைச் சொல்லுங்கம்மா, இதைச் சொல்லாதீங்க’ என்று எடுத்துக் கொடுத்தால் அது நேர்காணலாகாது. சில செய்திகளை முதியவர்கள் பேரப்பிள்ளையிடம் மட்டுமே சொல்வார்கள். வேறு சிலவற்றைப் பேரப்பிள்ளையின் முன்னால் சொல்லவே மாட்டார்கள். 1969-இல் வேலை அனுமதிச் சீட்டுச் சிக்கலில் கூடப்பிறந்தவர்கள் ஊர் திரும்பியதையும், தமக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் என்பதையும் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியவர் அவரே. ஆகவே கதவைச் சாத்தக்கூடிய அறை வேண்டும். கதவைத் திறந்துகொண்டு எந்நேரமும் எழுந்து போகவும் அவருக்கு வசதி வேண்டும். கழிவறை அருகில் இருக்கட்டும். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கட்டும். சுழலும் நாற்காலி வேண்டவே வேண்டாம். சாய்ந்து புதையும் சோபாவும் உதவாது. மூச்சுக் குறைந்து குரல் தாழ்ந்துவிடும். கருவி அவருடைய கண்மட்டத்தில் இருக்கவேண்டும். குழந்தை அதற்கு ஒட்டினாற்போல் ஒரு பக்கத்தில் அமரவேண்டும். பாட்டி குழந்தையைப் பார்த்துப் பேசட்டும், கருவியைப் பார்த்து அன்று.

படத்துக்குள் என்ன தெரிகிறது என்பதைப் பதிவுக்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காகச் சொல்கிறேன். சுவரில் சட்டமிட்ட சான்றிதழில் அடையாள அட்டை எண் இருக்கலாம். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த நாளைக் காட்டிவிடும். சாளரத்துக்கு வெளியே வீட்டு எண்ணோ கட்டடத்தின் பெயரோ தெரியலாம். பிள்ளையின் சீருடையில் பள்ளிச் சின்னமும் பெயரும் இருக்கும். எனவே வீட்டுடையே போதும். நாட்காட்டி, மருந்துச் சீட்டு, மருத்துவமனை அட்டை ஆகியவற்றை எடுத்து உள்ளே வையுங்கள். மற்றபடி அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும். தோட்டத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய தகரப் பெட்டி மூலையில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு செய்தி.

பதிவை இணையத்தில் வெளியிடுவது வேறு, வீட்டில் சேமிப்பது வேறு. வெளியிட அவர் இசையவில்லை என்றால் அதோடு விட்டுவிடவேண்டும்; மதிப்பெண்ணைக் காட்டி வற்புறுத்தக்கூடாது. ஆனால் சேமிப்பை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். உயர்தெளிவுக் காணொளி மணிக்குப் பல கிகாபைட் இடத்தை அடைக்கும் என்பதால், கைத்தொலைபேசி நிரம்பியதும் முதலில் அழிக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கிறது. அன்று மாலையே இருவேறு இடங்களில் படியெடுத்து, கோப்பின் பெயரில் பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், பதிவு செய்த நாள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ‘முடிந்தது பாட்டி, நன்றி’ என்று சொல்லிக் கருவியை அணைத்த பிறகுதான் முதியவர்கள் பலர் இயல்பாகப் பேசத் தொடங்குகிறார்கள். அவருக்குத் தெரியாமல் ஓடவிட்டுப் பதிவு செய்வது தகாது. அதனால் தேநீரை முன்கூட்டியே கொடுத்துவிடாமல், கேள்விகள் தீர்ந்த பிறகு அதே அறைக்குக் கொண்டுவாருங்கள். ‘பாட்டி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையை அசைப்பார். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் கேட்காத ஒரு பெயரில் இருந்து தொடங்குவார்.